ஃபின்ஸ்பரி பார்க் குசினியில் ஒரு சம்பந்தம்

தொண்ணூற்றிரண்டு ஏப்ரலில் லண்டன் போனேன். தங்கச்சி வத்சலாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிக்கத்தான் போனது. பேச்சு நடந்தது உறவினர் வீட்டு ஹோலில் அல்ல. நான்கு மாணவிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் குசினியில், அதுதான் சமையலறையில்.

அப்போது எனக்குக் கொழும்பு புறக்கோட்டையில் செத்தல் மிளகாய், வெங்காய மொத்த வியாபாரம். அப்பா இல்லை. அம்மா யாழ்ப்பாணத்தில், சண்டையில் பாதை பூட்டியிருந்ததால் வரமுடியாது. கடையை மூன்று கிழமைக்கு மேல் விட்டுவிட்டு நிற்க எனக்கும் வழியில்லை. அதனால் போகும் முன்பே தொலைபேசியில் முக்கால்வாசி பேசி வைத்திருந்தேன். மாப்பிள்ளை குமரன், ஹவுன்ஸ்லோவில் இருப்பவர், விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை. தாய் அவருடன் இருக்கிறா. ஆவணியில் கலியாணம், வெள்ளவத்தையில் எனக்கிருந்த சின்ன வீடு சீதனம். வத்சலா லண்டனில் மருந்தாளர் படிப்பில் இரண்டாம் வருடம். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்பது என் கணக்கு. அவளுக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை என்பது கடிதங்களில் தெரிந்ததுதான். மாப்பிள்ளையை வேண்டாம் என்று அவள் எழுதவில்லை. படிப்பை விடமாட்டேன் என்றுதான் எழுதியிருந்தாள்.

ஹீத்ரோவிலிருந்து ஃபின்ஸ்பரி பார்க்குக்குப் பிக்கடிலி பாதை ரயில் நேரே போகும், மாறத் தேவையில்லை. ஒன்றேகால் மணித்தியாலம். டாக்ஸிக்காரர் கேட்ட காசுக்கு நான் கொழும்பிலிருந்து கண்டிக்குக் குடும்பத்தோடு போய் வந்துவிடுவேன். பெட்டி இரண்டென்றாலும் ரயிலிலேயே போங்கள். ஏப்ரல் என்றால் வெயில் என்று நம்பிப் போகாதீர்கள். நான் நம்பிப் போய், அடுத்த நாளே பழைய உடுப்புக் கடையில் எட்டுப் பவுணுக்கு ஒரு கோட்டு வாங்கினேன். இன்னும் இருக்கிறது.

கதவைத் திறந்தது மோரின் என்ற ஐரிஷ் பிள்ளை. என் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு நேரே குசினிக்குக் கூட்டிப்போனாள். அங்கே கானா நாட்டு அபீனா, கோயம்புத்தூர்ச் சுமதி, வத்சலா.

"உக்காருங்ணா. எங்க வீட்டுல ஒரு சட்டம் இருக்கு. ஒருத்தியப் பாக்க எந்த ஆம்பள வந்தாலும் நாலு பேர் கூடவும் டீ குடிச்சாகணும்," என்றாள் சுமதி.

"நான் தமையன், பிள்ளை."

"போன மாசம் மோரினோட அப்பாவே குடிச்சாருங்ணா."

குடித்தேன். என் மிளகாய் எங்கிருந்து வருகிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அபீனா துருவித் துருவிக் கேட்டாள். வங்கிக்காரன்கூட அப்படிக் கேட்டதில்லை.

பெரியவர்கள் இல்லாத வீட்டில் நான்கு குமர்ப் பிள்ளைகள் இருப்பதை மாப்பிள்ளையின் தாய் பார்க்கக்கூடாது என்பது என் திட்டம். பெண் பார்ப்பதை தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருக்கும் பெரியப்பா மகன் வீட்டில் வைக்க ஒழுங்கு செய்து, நானும் அங்கேதான் தங்கினேன். மிச்சத்துக்கு விக்டோரியா பாதையில் ஸ்டொக்வெல், அங்கே மாறி டூட்டிங் பிராட்வே, பிறகு பஸ். ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். நாள் முழுக்க ஓடும் டிக்கெட் ஒன்று வாங்கினால் மலிவு.

வியாழக்கிழமை அந்தப் பெரியப்பா மகனின் சின்னப் பிள்ளைக்குக் கொப்புளிப்பான், அம்மை போட்டது. அம்மாள் வந்த வீட்டில் நல்ல காரியம் பேசுவதில்லை. நானே வெளியேறி, ஃபின்ஸ்பரி பார்க்கில் நாளுக்குப் பதினெட்டுப் பவுணுக்கு ஓர் அறை எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு வருவதாக இருந்தது. வேறு இடம் கிடைக்கவில்லை.

"இஞ்ச வரச் சொல்லுங்கோ அண்ணை. நான் இருக்கிற வீடு இதுதானே," என்றாள் வத்சலா.

ஞாயிறு நாலு மணிக்குத் தாயும் மகனும் வந்தார்கள். மோரின் கேக் செய்திருந்தாள். சுமதி முறுக்கு. அபீனா தன் ஊர்த் துணியில் நல்ல சட்டை போட்டிருந்தாள். எல்லோரும் குசினி மேசையைச் சுற்றி இருந்தோம்.

தாய் என் பக்கம் சாய்ந்தா. "இவை ஆர் தம்பி?"

"வீட்டில இருக்கிற பிள்ளையள், மாமி."

"அப்ப கொஞ்சம் வெளியில நிக்கச் சொல்லுமன். கதைக்க வேணுமெல்லே."

சுமதிக்கு விளங்கியது, மற்ற இருவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள். ஒருவரும் எழும்பவில்லை. மோரின் கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

வத்சலா தேநீரை ஊற்றியபடி சொன்னாள்: "மாமி, இவை போனா நானும் போறன். அம்மாட்ட இருந்து ஒரு சேதியும் வராமல் நான் கிடந்த நேரம் என்னை ஒரு வேளை தனியச் சாப்பிட விடேல்லை இவை."

அவள் இதை எனக்கு எழுதியிருக்கவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவர்களை அனுப்பினால் சம்பந்தம் நிற்கும், தங்கச்சி நிற்கமாட்டாள். சரக்கைப் பார்க்காமல் விலை பேசியவன் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"மாமி, அம்மாவால வர ஏலாது. எங்கட பக்கத்தில நான் ஒருத்தன்தான் எண்டு நினைச்சு வந்தன். இல்லை. இவையும் பொம்பிளை பக்கம்தான்."

தாய் அபீனாவைக் காட்டினா. "இந்தப் பிள்ளை உமக்கு என்ன முறை?"

"தங்கச்சி முறை."

"ஓ. சம்பந்தி வீடு பெரிசுதான்," என்று சொல்லிவிட்டு முறுக்கை எடுத்தா.

அபீனா குமரனிடம் நேரே கேட்டாள். கலியாணத்துக்குப் பிறகு இவள் படிப்பு என்னாகும்? குமரன் தமிழில் தாயைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"நான் எஞ்சினியரிங் ரெண்டு வருசம் படிச்சனான். நீங்கள் இஞ்ச வந்த உடனை வேலைக்குப் போனன். திரும்பிப் போகக் கிடைக்கேல்லை அம்மா. அவவும் விட வேண்டாம்."

தாய் கோப்பையைக் கீழே வைத்தா. பிறகு என்மேல் பாய்ந்தா. "ஆர் இப்ப விடச் சொன்னது? ஆவணியில வையுங்கோ எண்டு ரெலிபோனில நிண்டது நீர்தானே, தம்பி?"

உண்மைதான். வத்சலா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

"படிப்பு முடியட்டும். அப்ப அந்தச் சீதன வீடு?" என்றா தாய்.

சீதனம் என்றால் என்ன என்று மோரின் கேட்டாள். சுமதி விளக்கினாள். பெண்ணையும் கொடுத்து வீட்டையும் கொடுப்பதா, அப்படியென்றால் அவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று மோரின் கேட்டாள். கிண்டல் இல்லை, விளங்காமல்தான் கேட்டாள்.

"இந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த எனக்கு இங்கிலீஷ் காணாது," என்றா தாய். குமரன் சிரித்துவிட்டார். அதோடு பேரம் என் பக்கம் திரும்பியது. மருந்தாளர் சம்பளம் மாதாமாதம் வரும், வெள்ளவத்தை வீட்டுக்கு மாதாமாதம் திருத்த வேலைதான் வரும் என்று எடுத்து விட்டேன். ஒரு மணித்தியாலம் பேசினோம். இரண்டாம் முறை தேநீர் வைத்தார்கள்.

வெளிநாட்டில் படிக்கும் பெண் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள் இருக்கும் வீட்டுக்கே முதலில் போங்கள். பலகாரம் கொண்டு போனால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் கணக்காகக் கொண்டு போங்கள். கூட இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டு ஞாபகம் வைத்திருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கப் போவது நீங்கள் இல்லை, அவர்கள். தங்குமிடத்தை மட்டும் வேறாகப் பாருங்கள். அவர்கள் வீட்டில் ஏற்கனவே குளியலறைக்கு வரிசை.

அன்று முடிவானது இதுதான். கலியாணம் படிப்பு முடிந்து வரும் தையில். அதுவரை வத்சலா அதே வீட்டில். சீதனம் என்றால் கடைசி வருடப் படிப்புச் செலவு மட்டும்தான், அது என்னுடையது. வெள்ளவத்தை வீடு கிடையாது.