நாலாவது மரத்தில் நான்கு கோடுகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில், மரச்சட்டங்களுக்கு இடையே களிமண் அடைத்துக் கட்டிய பழைய வீட்டின் மாடியறையில் குடியிருந்தேன். படிகள் பதினேழு, ஐந்து முனகும். அந்தத் தெருவின் பழைய வீட்டு வரிசையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்ய நகராட்சிக்கு எண்ணம். வீடு இடைக்காலத்தது என்று பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரி ஒப்புக்கொண்டால் தப்பும். இல்லையென்றால் என் அறையும் போய்விடும்.

அதிகாரி வருவதற்கு மூன்று நாள் முன்பு, நான் இன்ஜினியர் வேலைக்குப் போயிருந்தபோது, வீட்டுக்கார அம்மாள் என் அறைச் சுவரின் பூச்சைச் சுரண்டிவிட்டார். மாலையில் வந்து எண்ணினேன். பதினோரு மரங்கள், ஒவ்வொன்றிலும் உளியால் வெட்டிய ரோமன் எண். காலையில் இல்லாதது மாலையில் எப்படி வந்தது? அதிலும் நாலாவது மரத்தில், ஐந்தின் குறிக்கு முன்னால் ஒரு கோடு போடாமல், வெறுமனே நான்கு கோடுகள். ரோமன் எண் தெரியாத யாரையோ வைத்து அம்மாள் வெட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

பக்கத்து அறையில் இருந்த மதுரைக்கார ஆராய்ச்சி மாணவரிடம் சொன்னேன்.

“சார், ஆபீசர் முன்னாடி வாயைத் திறந்துடாதீங்க. இந்தக் குளிர்ல வேற ரூம் யாரு தருவா?” என்றார்.

இவரும் கூட்டோ என்று தோன்றியது.

அதிகாரி ஒரு பெண்மணி. கையில் டார்ச் விளக்கு. அம்மாளை வைத்துக்கொண்டே, நாலாவது மரத்தைக் காட்டி, இது போலி என்றேன். அம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி என் மணிக்கட்டைப் பார்த்தார். “உங்கள் கடிகாரத்தில் நான்கு எப்படி இருக்கிறது?”

ஒன்பது வருடமாகக் கட்டியிருந்த கடிகாரம். ரோமன் எண்கள். நான்கு மணிக்கு நேராக நான்கு கோடுகள்.

தச்சர்கள் மரங்களைத் தரையில் வெட்டிப் பொருத்தி, எண் போட்டுப் பிரித்து, பிறகுதான் நிறுத்துவார்களாம். மரம் தலைகீழாகப் புரண்டால், பள்ளிக்கூடத்தில் படித்த நான்கில் கோடு ஐந்துக்குப் பின்னால் போய் ஆறாகத் தெரியும். நான்கு கோடுகள் எப்படிப் புரண்டாலும் நான்குதான். புது வெட்டு வெளுத்திருக்கும் என்று சொல்லி, இந்த வெட்டு அடிவரை கறுத்திருந்ததையும் விளக்கடித்துக் காட்டினார்.

வீடு தப்பியது. அறையும் தப்பியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு அம்மாள் என்னை மறுபடி அழைக்கப் பதினான்கு வாரமானது. கேக்கை வெட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“எண்ணிக்கொள்ளுங்கள், ஹெர் இன்ஜினியர். நாலு துண்டு.”

எண்ணினேன். நாலுதான்.