தேவதர்ஷினியின் இடது கண்

ஹஃபீசா பொம்மை செய்வதில்லை; பொம்மைக்குக் கண் மட்டும் செய்வாள். கிண்டிப் பக்கம் ஏற்றுமதிக்குப் பொம்மை செய்யும் ஒரு கம்பெனி ரெசின் டப்பாக்களை வீட்டுக்கே அனுப்பிவிடும். முழு உருவம் செய்கிற வேலையென்றால், மார்க்கத்துக்கு ஆகாது என்று மாமியார் விட்டிருக்க மாட்டார். "வெறும் கண்ணுதானேம்மா, மூஞ்சி இல்லையே" என்று கணவன் ஜாபர்தான் தன் அம்மாவிடம் பேசிச் சம்மதம் வாங்கினான்.

கோவிலம்பாக்கத்தில் பொன்னியம்மாள் வீட்டுப் பின்போர்ஷனில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஜன்னலோரப் பலகைதான் ஹஃபீசாவின் பட்டறை. ரெசினோடு அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து, கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைப்பாள். குமிழெல்லாம் மேலே வந்துவிடும். ரப்பர் அச்சுக் குழிகளில் ஊற்றி, மிச்சக் குமிழை ஊசியால் குத்தி உடைப்பாள். இறுகியதும் பின்பக்கம் கருவிழியை வரைந்து, வெள்ளை கலந்த ரெசினால் மூடி, தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் தேய்ப்பாள். வெளிச்சத்தில் திருப்பினால் கண்ணாடி என்றே சத்தியம் செய்யலாம். உள்ளே ஈரம் இருப்பதுபோல மினுங்கும். கையுறை போட்டும் அவள் விரல் நுனிகள் வெடித்துத்தான் கிடந்தன.

பொன்னியம்மாளின் ஒரே மகள் தேவதர்ஷினிக்குச் சின்ன வயதில் வேலிகாத்தான் முள் குத்தி இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வைத்த செயற்கைக் கண் வருஷக்கணக்கில் மங்கி, வலது கண்ணோடு ஒட்டாமல் தனியாக வெறித்துக்கொண்டிருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். வண்டலூரிலிருந்து ஒரு வரன் வருகிறது என்றதும் பொன்னியம்மாள் பின்பக்கம் வந்து நின்றாள்.

"இன்னா ஹஃபீசா, பொம்மைக்கெல்லாம் உசுரு வந்தாப்பல கண்ணு செய்ற. எம் பொண்ணுக்கு ஒண்ணு செஞ்சு குடுக்க மாட்டியா?"

"இது பொம்மைக்கும்மா. ஆஸ்பத்திரில கேட்டா அளவெடுத்துச் செஞ்சு தருவாங்க."

"கேட்டாச்சு. ரெண்டு மாசம் கழிச்சு வான்றான். இவங்க வர்ற வெள்ளிக்கெயமை வராங்க. காலைல போட்டு சாயங்காலம் கழட்டிடப் போறா, இதுல இன்னா கீது?"

வாடகைக்கு இருப்பவள் எத்தனை தடவை மாட்டேன் என்பாள்? தண்ணீர் லாரி வந்தால் ஹஃபீசாவின் குடத்தை முதலில் வைக்கச் சொல்லும் மனுஷி வேறு. போதாததற்கு, செய்துதான் பார்ப்போமே என்ற ஆசையும் ஹஃபீசாவுக்கு இருந்தது.

"மனுசன் உடம்புல வைக்கிற சாமானா இது? உன் கையப் பாத்தியா?" என்றான் ஜாபர்.

"இறுகிட்டா ஒண்ணும் பண்ணாதுங்க."

"யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.

பழைய கண்ணையே ரப்பரில் பதித்து அச்செடுத்தாள். தேவதர்ஷினியை ஜன்னலோரம் உட்காரவைத்து வலது கண்ணைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். பழுப்புக்குள்ளே தேன் நிறக் கீற்றுகள், சுற்றிலும் கருத்த விளிம்பு.

"அசையாத தர்ஷினி."

"எவ்ளோ நேரம்தான் என் கண்ணையே பாப்பீங்க? ஜாபர் அண்ணன் கோச்சுக்கப் போறாரு."

வெள்ளிக்கிழமை வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. லேசாக மாறுகண் என்று சொல்லிவைத்திருந்ததை அவர்கள் பெரிதுபடுத்தவில்லை. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்தார்கள்.

அப்புறம்தான் சிக்கல். மாப்பிள்ளை வேலை முடிந்து பைக்கில் அந்த வழியாகப் போவான், சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வருவான். அவன் அம்மா பூ வாங்கிக்கொண்டு திடீரென்று வந்து நிற்பாள். சாயங்காலம் கழற்றிவிட வேண்டிய கண்ணைத் தேவதர்ஷினி தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. கைக்குட்டையால் ஓயாமல் இடது கண்ணை ஒற்றிக்கொண்டிருப்பதை ஹஃபீசா கவனித்துக் கேட்டாள். "தூசுக்கா" என்று அவள் நகர்ந்துவிட்டாள்.

நிச்சயத்துக்கு முதல் நாள் காலையில் பொன்னியம்மாள் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். கண் பொன்னியம்மாளின் உள்ளங்கையில் இருந்தது.

"கழுவலாம்னு எடுத்தோம், திரும்ப உள்ள போவ மாட்டேங்குது. கொஞ்சம் சின்னதா தேச்சுக் குடு."

ஹஃபீசா கண்ணை வாங்கினாள். மேல்பரப்பு விரலில் ஒட்டியது, வெள்ளை மஞ்சளாகியிருந்தது. தேவதர்ஷினியின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே சதை புண்ணாகிச் சீழ் கட்டி, குழியே பாதியாகச் சுருங்கியிருந்தது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா."

"நாளைக்கு ஒரு நாள்தான் அக்கா," என்றாள் தேவதர்ஷினி. "முடிஞ்சதும் போய்டறேன். தேச்சுக் குடுங்க. எனக்கு வலிக்கல."

"வலிக்கலயா? தொட்டாலே துடிக்கிற!"

"எனக்கு இன்னொருத்தன் வரமாட்டான் அக்கா."

ஹஃபீசா கண்ணைத் திருப்பித் தரவில்லை. பொன்னியம்மாள் கத்தவில்லை, சபிக்கவில்லை. "இந்த முடியாதுன்றத மொதல்லயே சொல்லியிருந்தா, நாங்க வேற வழி பாத்திருப்போம்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் கண்வலி என்று சொல்லிப் பஞ்சு வைத்து ஒட்டி, பட்டுப்புடவையில் பெண்ணை உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் வந்து, "காட்டும்மா, பாக்கலாம்" என்று ஆதரவாகத்தான் பஞ்சை விலக்கினாள். கொண்டுவந்த தட்டுகளெல்லாம் வந்த வழியே வேனில் ஏறின.

பொன்னியம்மாள் கூடத்துத் தரையில் சுருண்டு படுத்துவிட்டாள். தேவதர்ஷினியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாரும் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. ஹஃபீசா புர்காவை மாட்டிக்கொண்டு, அந்தக் கண்ணைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். புண்ணைக் கழுவிவிட்டு, ஆறவே மாதக்கணக்கில் ஆகும், அப்புறம் ஆபரேஷன் செய்து பார்க்கலாம், அதற்குப் பிறகும் செயற்கைக் கண் நிற்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"எங்க செஞ்சது இது?"

ஹஃபீசா வாயைத் திறந்தாள். அதற்குள் தேவதர்ஷினி சொல்லிவிட்டாள்: "பாரிஸ் கார்னர்ல, பிளாட்பாரத்துல வாங்கினது சார்."

"இதையெல்லாம் விக்கிறவனப் பிடிச்சு உள்ள போடணும்" என்று டாக்டர் ஹஃபீசாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமாங்க சார்" என்றாள் ஹஃபீசா.