டிக்கியில் ஓர் ஆட்டுக்கல்

தாம்பரத்தில் காரை எங்கே நிறுத்தினாலும் யாராவது அருகில் வந்து, "எவ்ளோ குடுக்குது சார்?" என்று கேட்கிறார்கள். காரென்றால் இங்கே கறவை மாடு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே விசாரணை. யாழ்ப்பாணத்தில், பெற்றோல் வராத காலத்தில், நாங்கள் கேட்ட கேள்வி வேறு: "ஸ்டார்ட் வருமோ?" சொட்டுப் பெற்றோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு உசுப்பி, மிச்ச வழியை மண்ணெண்ணெயில் ஓடினோம். பின்னால் வருகிறவர் இருமினால் கார் நன்றாக ஓடுகிறது என்று பொருள்.

இங்கே வாங்கிய பழைய கார் அண்மையில் மிதமிஞ்சிக் குடிக்கத் தொடங்கியது. பெற்றோல் செலவைப் பார்த்துக்கொள்ளும் மகன் கனடாவிலிருந்து தீர்ப்புச் சொன்னான்: "அப்பா, அதை வித்துப்போட்டு ஆட்டோவில போங்கோ." என் மனைவி பவளம் அன்று சாப்பிடவில்லை. ஊரில் மறுபடி சண்டை மூண்டிருக்கிறது. முன்பு இடம்பெயர்ந்தபோது நடந்தே போனவள் அவள். வாசலில் கார் நிற்காவிட்டால் அவளுக்கு நித்திரை வராது. தாம்பரத்திலிருந்து யார் நம்மைத் துரத்தப்போகிறார்கள் என்று கேட்கலாம். நான் கேட்டதில்லை.

மோட்டார் வாகனப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முறைப்படி தொடங்கினேன். பிளக்கைச் சுத்தம் செய்தேன், ஏர் ஃபில்டரை மாற்றினேன், சக்கரங்களைத் தூக்கிச் சுழற்றி பிரேக் பிடித்துக்கொள்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு பீர்க்கன்கரணை ஏரி வரை ஓட்டினேன். கார் திருந்துவதாயில்லை. கடைசியாக டயர்களுக்குக் காற்று அடிக்கப் போனேன். மெக்கானிக் செல்வம், ஸ்டெப்னிக்கும் அடித்துவிடலாமென்று டிக்கியைத் திறந்தார்.

"இன்னா சார், வூடு காலி பண்றியா?"

"இல்லையே."

"பின்ன இன்னாத்துக்கு இம்மாஞ் சாமான் கீது?"

"தேவைப்பட்டால்."

"ஹவுஸ் ஓனர் பேஜார் பண்றானா? சொல்லு சார், நா வந்து பேசறேன்."

எங்கள் வீட்டுக்காரர் தங்கமானவர் என்று அவரை நம்பவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

சண்டைச் செய்தி வந்ததிலிருந்து பவளம் ஒவ்வொன்றாக ஏற்றவைத்தவை: அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன்கள், பாத்திரங்கள், உடுப்புப் பை. எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஆட்டுக்கல். ஊரில் விட்டுவந்த கல்லை நினைத்துக் குமைந்து பவளம் இங்கே வாங்கிய புதுக் கல் அது. கடையிலிருந்து நேரே டிக்கிக்குப் போனது. சமையலறையை அது கண்டதில்லை. மாவை மிக்ஸியில் அரைக்கிறோம். பாரம் கூடினால் எரிபொருள் கூடும் என்று எத்தனையோ சாரதிகளுக்கு விரிவுரை நிகழ்த்தியவன் நான். ஆனால் அந்தச் சாமான்களைப் பாரமென்று எண்ணத் தோன்றியதேயில்லை. அவையும் காரின் பாகங்கள் போலத்தான் எனக்கு.

வீட்டுக்கு வந்து, "இறக்குவம்" என்றேன்.

"ஓட வேண்டி வந்தா என்னப்பா செய்யிறது?"

"இந்தப் பாரத்தோட ஓடினா சிங்கப்பெருமாள் கோவில் தாண்ட முதலே டாங்கி வத்திப்போகும். பிறகு கல்லை நீர் தலையில வைப்பீரோ?"

அவள் டிக்கிக்குள் குனிந்து உடுப்புப் பையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அப்ப கல்லை இறக்குங்கோ. அரிசியையும் இறக்குங்கோ. உடுப்புப் பையில கைவைக்கக்கூடாது."

காரின் பின்புறம் நிமிர்ந்தது. இதுவரை தென்னை மர உச்சிகளை ஆராய்ந்துவந்த ஹெட்லைட்டுகள் மறுபடி சாலையைப் பார்த்தன. கோவளத்துக்குப் போய் மீன் வாங்கித் திரும்பியபோது பெற்றோல் முள் நாகரிகமாகவே இறங்கியிருந்தது. மகனும் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

மறுநாள் ஆட்டுக்கல்லில் முதல் மாவு அரைபட்டது. பாதியில் சத்தம் நின்றது. பவளம் மாவுக் கையோடு வாசலுக்குப் போனாள், டிக்கி பூட்டியிருக்கிறதா என்று முழங்கையால் அழுத்திப் பார்த்தாள், திரும்பி வந்து மறுபடி அரைக்கத் தொடங்கினாள்.