சட்டைப் பையில் இருந்த தாள்

அச்சகத்தில் எனக்கு எதிர் நாற்காலியில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்து புரூஃப் பார்த்தவர் கண்ணாடிக் கடைக்காரரின் அக்கா. தம்பி எனக்குப் பழக்கமானது அப்படித்தான். மெலிந்த மனிதர். நம் மூக்கின் மேல் கண்ணாடியை உட்கார வைத்து, "காதுகிட்ட அழுத்துதா?" என்று கேட்பார். இல்லை என்று சொன்னாலும் நம்பமாட்டார். மறுபடி கழற்றி, சூடு காட்டி, வளைத்துக் கொடுப்பார். தன்னால் யாருக்கும் ஒரு சின்ன வலிகூட வந்துவிடக் கூடாது என்பது அவருடைய சுபாவம்.

அக்கா நேர்மாறு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடுவார். ஒரு ஒற்று விட்டுப்போனாலும் எழுதியவர் எவ்வளவு பெரியவர் என்று பார்க்காமல் பிடித்துக்கொள்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்கு மேல்மாடியில் தம்பியோடும் தம்பி மனைவியோடும் இருந்தார். தம்பியைவிட நான்கு வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனாலும் வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது.

முதலில் சிவப்புப் பேனா விரலிலிருந்து நழுவியது. பிறகு மாடிப்படியில் கால் தடுமாறியது. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும், புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும், மருந்து கிடையாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து தம்பியை எழுதச் சொன்னார். மூச்சு நிற்கும் நாளில் தொண்டையில் குழாய் போடக் கூடாது, மிஷின் வைக்கக் கூடாது. அவர் சொல்லச் சொல்லத் தம்பி எழுதினார். எழுதியதில் இரண்டு பிழை இருந்தது. திருத்தச் சொல்லிவிட்டுத்தான் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

"அன்னைக்கு நீ பயந்துடுவே. அதனாலதான் எழுதி வெக்கிறேன்," என்றார்.

அந்த நாள் ஒரு மத்தியானம் வந்தது. கஞ்சி புரையேறி முகம் நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றபோது தம்பி கடைக்குள் ஓடி, மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொடுப்பதற்காகத்தான் எடுத்தேன் என்று பின்னால் என்னிடம் சொன்னார். நானும் அதை நம்புகிறேன்.

அவசரப் பிரிவு டாக்டர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "இது மாதிரி வேண்டாம்னு ஏதாவது எழுதி வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

தம்பி அக்காவின் நீலம் பாரித்த நகங்களைப் பார்த்தார். "இல்ல சார்," என்றார். நீட்டிய சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் போட்டார்.

அக்கா பிழைத்தார். கழுத்தில் துளை, பக்கத்தில் மூச்சு விடும் மிஷின். அசைந்தது கண்ணும் இமையும் மட்டும். கடையில் பார்வை பார்க்கத் தொங்கவிடும் எழுத்து அட்டையைப் போலவே தம்பி ஒரு பெரிய அட்டை செய்தார். ஒரு வரிசையில் க, ங, ச என்று உயிர்மெய்கள், கீழே உயிர்கள், ஓரத்தில் ஒரு புள்ளி. விரல் வைத்துக்கொண்டே போவார். வேண்டிய எழுத்து வரும்போது அக்கா கண்ணை மூடுவார். அப்படி அவர் சொன்ன முதல் சொல் "தாள்".

அவசரத்தில் தேடி எடுக்க முடியவில்லை என்றார் தம்பி. ஒரு பொய்க்கு இரண்டாவது பொய்.

ஓர் ஆண்டு ஓடியது. அக்கா படுத்தே கிடந்தார் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. நான் அச்சகத்திலிருந்து புரூஃப் கொண்டுபோவேன். தம்பி பக்கம் பக்கமாகப் பிடித்துக் காட்டுவார். ஒரு முழுப் புத்தகத்தை அப்படியே கண்ணால் திருத்தினார். வார்டுச் சுவரில் 'கைகளை சுத்தமாக கழுவவும்' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து, அரைமணி நேரம் செலவழித்து, "இரண்டு ஒற்று இல்லை" என்று சொன்னார். நர்ஸ் பேனாவால் போட்டுவிட்டுப் போன பிறகுதான் எங்களை விட்டார்.

பிறகு இமைகளும் சோர ஆரம்பித்தன. அது நின்றுபோனால் உள்ளேயே பேச்சில்லாமல் கிடக்கவேண்டியதுதான். அதற்கு முன் மிஷினை எடுத்துவிடச் சொன்னார். தம்பி அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இரண்டு மாதம் கடத்தினார். அக்கா அவரிடம் வேறு எந்தச் சொல்லும் சொல்வதை நிறுத்திவிட்டார். "எடு" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒரு உறவுக்காரர் வந்திருந்தபோது கட்டில் பக்கத்திலேயே, இதற்குப் பேர்தான் கருணைக்கொலையா என்று கேட்டார். அக்கா அட்டையைப் பார்வையால் கேட்டு, "அந்த இரண்டு சொல்லும் சேராது. ஒன்றை எடு" என்றார். வந்தவர் விழித்தார், நான் சிரித்துவிட்டேன்.

இந்த மாதிரி விஷயங்களைப் பார்க்கிற பெரிய டாக்டரம்மாவிடம் தம்பி அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார். ஊசி போட்டுச் சாகடிப்பது வேறு, வேண்டாம் என்கிறவரிடமிருந்து மிஷினை எடுப்பது வேறு, இரண்டாவதைத்தான் இங்கே அனுமதிக்கிறார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். பிறகு, "சட்டத்துக்கு இது ரெண்டும் வேற வேற. உங்க மனசுக்கும் அப்படி இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

மூன்று டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்று அக்காவிடம் கேட்டார்கள். மூன்று முறையும் இமை மூடி ஆம் என்றார். நோய் முற்றுவதற்கு முன்பே எப்போதாவது இப்படிச் சொல்லியிருக்கிறாரா என்று டாக்டரம்மா தம்பியைக் கேட்டார். தம்பி தன் பர்ஸிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். பதினான்கு மாதமாக அங்கேதான் இருந்தது. மடிப்பில் கிழிந்திருந்தது.

"அன்னைக்கும் எங்கிட்டதான் இருந்தது. நான் குடுக்கல," என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்பது நாள் தம்பிக்காக அந்தக் கண் திறக்கவில்லை. நான் போனால் திறக்கும். நர்ஸ் வந்தால் திறக்கும். அவர் காலடி கேட்டால் மூடிக்கொள்ளும். அவர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நானா இருந்தாலும் ஒளிச்சிருப்பேங்க," என்று அவர் சொன்னாராம். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். அதனாலேயே அது இவருக்கு இன்னும் கனத்தது.

பத்தாம் நாள் அக்கா கண்ணைத் திறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். தம்பி அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"அக்கா, அந்தப் புத்தகத்தைத் திருத்தினியே. நாம சிரிச்சோமே. இது எதுவுமே நல்லா இல்லையா?"

இமை சோர்ந்துபோயிருந்ததால் பதில் வர முக்கால் மணி நேரம் ஆனது. நான் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டேன்.

"நன்றாகத்தான் இருந்தது. ஆனால், நீ கேட்கவில்லை."

அடுத்த வாரம், காலை பத்து மணிக்கு மிஷினை எடுத்தார்கள். முதலில் மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். அதற்குமுன் தம்பி அக்காவின் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டார். அக்கா எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். கடைசியாகச் சொல்ல எதுவும் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டதற்கு இரண்டு முறை இமைத்தார். இல்லை என்று அர்த்தம். நாற்பது நிமிடம் ஆனது. ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைப் பின்னால் எடுக்க வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்களில் பாதிப் பேர், அக்காவுக்கு விடுதலை கொடுத்துவிட்டாய் என்றார்கள். ஒரு சித்தப்பா மட்டும் ஃபோனில், கூடப் பிறந்தவளைக் கொன்றுவிட்டாயே என்று கத்தினார். தம்பி இரு தரப்பாருக்கும் சரி, சரி என்றே சொன்னார். எட்டாம் நாள் கடையைத் திறந்தார்.

போன மாதம் என் கண்ணாடிக்குப் பவர் மாற்றப் போயிருந்தேன். பேச்சு அக்கா பக்கம் போனது. மிஷினை எடுக்கப் போட்ட கையெழுத்து தன்னை வாட்டாது என்று நினைத்திருந்தாராம். அதுவும் வாட்டுகிறது, ஆனால் அதைச் சுமக்கலாம், அவசரப் பிரிவில் போட்ட முதல் கையெழுத்தைத்தான் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை என்றார்.

அக்கா மன்னித்துவிட்டாரா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

அவர் லென்ஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேக்க ஒரு வாரம் இருந்தது. அட்டையும் கையிலதான் இருந்தது," என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பா. அவ பொய் சொல்ல மாட்டா. அதனாலதான் கேக்கல."