குளிர் கசிந்த வீடுகளும் முத்தையா அண்ணனும்

காலையில் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது என் கணவர் போன் செய்தார். "முத்தையா அண்ணன் தவறிட்டாரும்மா. டூட்டிக்குக் கிளம்பும்போதே நெஞ்சுவலியாம்" என்றார். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. அடுத்தவர் வீட்டில் ஊசி நுழையும் ஓட்டையைக்கூட விடாத மனிதர், தன் நெஞ்சை மட்டும் எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்ற கோபம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். அமீரகத்தில், அல் ஐனில் ஒரு கம்பெனியில் வேலை. வீடுகளில் ஏசிக் குளிர் எந்த வழியாக வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு கேமரா வைத்திருந்தார். அதன் திரையில் சூடான இடம் மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரியும், குளிர்ந்த இடம் நீலமாகத் தெரியும். லீவு நாளிலும் அது தோளில் தொங்கும். அது சொந்தக் கேமராவா, கம்பெனி கேமராவா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பொங்கல் விழாவுக்கு அழைத்தால் அவருக்கு உற்சாகமே இருக்காது. "சனவரில கூப்பிட்டு என்ன செய்ய? வெளியவும் குளிரு, உள்ளயும் குளிரு. கேமராவுல ஒண்ணும் தெரியாது. சூலைல கூப்பிடுங்க" என்பார். அப்படி ஒரு ஜூலையில், நண்பர் வீட்டு வளைகாப்பில்தான் அவரை முதன்முதலில் பார்த்தேன். கர்ப்பிணிப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து நாங்கள் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தோம். அண்ணன் அவள் எதிரில் நின்று கேமராவைப் பிடித்தார். திரையில் ஒரே சிவப்பு. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் மெல்ல அவர் பக்கம் நகர்ந்து, "தம்பி, உள்ள என்ன குழந்தைன்னு தெரியுதா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"அது தெரியாதும்மா. ஆனா பின்னாடி ஜன்னல்ல ரப்பர் போயிருச்சு. வெயில் அனலெல்லாம் அது வழியாத்தான் வருது" என்றார் அண்ணன்.

மாமியாருக்குப் பெரிய ஏமாற்றம். அண்ணனுக்கோ சாப்பாட்டைவிட அந்த ஜன்னல்தான் முக்கியம். அதை ஒட்டிவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்போது எங்கள் வீட்டில் பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பழைய வில்லா ஒன்றைப் பிரித்து வாடகைக்கு விட்டதில் எங்களுக்கு ஒரு பகுதி. பகலெல்லாம் ஏசி ஓடும், ஆனால் படுக்கையறை வேகும். கரண்ட் பில் மட்டும் மாதாமாதம் ஏறும். ஏசியை நான்தான் குறைத்துக் குறைத்து வைக்கிறேன் என்பது என் கணவரின் கட்சி. இல்லை என்று நான் பிள்ளைகள் மேல் ஆணையிட்டும் பயனில்லை. கடைசியில் ஒருநாள், "நீயும் பிள்ளைங்களும் திருச்சிக்கே போயிடுங்க. நான் பேச்சிலர் ரூம்ல இருந்துக்கறேன். ஸ்கூல்ல டிசி கேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னது என்று நினைத்தேன். ஆனால் பெட்டி எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். மூத்தவளுக்கு அப்பாவை விட்டால் சோறு இறங்காது.

இது அண்ணன் காதுக்கு எப்படிப் போனதோ, சனிக்கிழமை காலையில் வந்து நின்றார். அன்று பார்த்து என் இட்லி கல்லாக இருந்தது. அன்று மட்டுமல்ல, மாதக்கணக்கில் அப்படித்தான். ஏசி படாத ஒரே இடம் என்று ஸ்டோர் ரூமில்தான் மாவை வைப்பேன், இருந்தும் அது பொங்குவதே இல்லை. இடம் சரியில்லை என்று நான் சொன்னால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பார் என் கணவர்.

அண்ணன் ஒரு துண்டைப் பிய்த்தார். மறுபடி பிய்த்துப் பார்த்தார். "ஏம்மா, மாவை எங்க வைக்கிறீங்க?" என்றார். சொன்னேன். "இந்த வெயில்ல மாவு பொங்கலியா?" என்று கேட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஸ்டோர் ரூமுக்கு நடந்தார். கேமராவை மேலே தூக்கினார். கூரைப் பலகை முழுக்கக் கருநீலம். பலகையை நகர்த்திப் பார்த்தால், படுக்கையறைக்குப் போக வேண்டிய ஏசிக் குழாய் கழன்று கிடந்தது. இத்தனை மாதமும் குளிரெல்லாம் அங்கேயே கொட்டியிருக்கிறது.

"தம்பி, தங்கச்சி இட்லியக் குத்தம் சொல்லாதீங்க. வீட்டு ஏசி மொத்தமும் அது தலையிலதான் அடிச்சிருக்கு" என்றார் அண்ணன். கூடம் நிஜமாகவே கோணல்தான் என்று நான் என் கணவரைப் பார்த்தேன். அவர், அண்ணன் குழாயை மாட்ட ஏறிய ஏணியைப் பிடித்துக்கொள்வதில் மிகவும் மும்முரமாக இருந்தார்.

டிசி கேட்கப் போக வேண்டியவர் போகவில்லை. "இந்த மாச பில் வரட்டும்" என்றார். பில் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

நன்றி சொல்ல அண்ணனை மறுபடி சாப்பிடக் கூப்பிட்டோம். அண்ணியை ஏன் இங்கே அழைத்துவரவில்லை என்று கேட்டேன். பாயசத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இங்கதாம்மா இருந்தா. ஒரு வெயிலுக்கு மட்டும்னுதான் பிள்ளைகளோட அனுப்புனேன், பில்லு கட்ட முடியாம. பொறவு அங்கயே ஸ்கூல்ல சேத்தாச்சு. அப்ப என் கையில இந்தக் கேமரா இல்ல." நான் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

யாராவது குடும்பத்தை ஊருக்கு அனுப்பப் போவதாகச் சொன்னால் போதும், அழைக்காமலே போய் நிற்பார். ஒருமுறை ஒரு நண்பர் வீட்டில் கதவிடுக்கு, குளியலறை விசிறி என்று எல்லாக் கசிவையும் அடைத்து, "இனி அனுப்ப வேண்டாம் தம்பி" என்றார். அந்த நண்பர் வாசல்வரை வந்து, "ஏண்ணே, நான் பில்லுக்காகத்தான் அனுப்புறேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?" என்று பரிதாபமாகக் கேட்டாராம். அண்ணன் அதற்கும் அசரவில்லை. "அதுக்கு வேற கேமரா வேணும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

உடலை ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் பார்க்க ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனோம். இங்கே இப்படி ஒருவர் இறந்தால் கூட வேலை பார்த்தவர்கள், ரூமில் இருந்தவர்கள் என்று ஆண்கள்தான் வருவார்கள். அன்று வராந்தா முழுக்கப் பெண்களும் பிள்ளைகளுமாக இருந்தோம். வளைகாப்புப் பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். காவலுக்கு இருந்த பாய் வெளியே வந்து, "ஃபேமிலி கோன் ஹை? பஹ்லே ஃபேமிலி" என்றார். குடும்பத்தார்தான் முதலில் உள்ளே போகலாம். அண்ணியோ தேவகோட்டையில் இருந்தார்கள்.

என் கணவர் என் கையையும் பிள்ளைகள் கையையும் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். எங்கள் பின்னால் இன்னொரு குடும்பம் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பாய் வாசலை மறித்துக்கொண்டு, "இத்னா ஃபேமிலி?" என்றார், இத்தனை குடும்பமா என்று.

"ஹாங் பாய், சப் ஃபேமிலி" என்றார் என் கணவர். எல்லோரும் குடும்பம்தான். பாய் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவை முழுதாகத் திறந்துவிட்டார்.

போய் வாருங்கள், அண்ணே. உங்களால் பிரியாமல் இருக்கிற நாங்கள் எல்லோரும் வந்து உங்களை அண்ணியிடம் அனுப்பிவைத்திருக்கிறோம்.