பாப்பாவுக்குப் பிடிக்கவில்லையாம்

காளியம்மாவுக்கு ஓர் எழுத்துகூட வாசிக்க வராது. ஆனால் ஈப்போவில் எங்கள் கடையில் வாடகைக்குப் புத்தகம் எடுத்தவர்களிலேயே நறுக்கென்று கருத்துச் சொன்னவள் அவள்தான். சரியாகச் சொன்னால், அவள் மகள் பாப்பா.

பாப்பா உயிரோடு இல்லை. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஏழு வயதில், காய்ச்சல் கண்டு போய்ச்சேர்ந்தாள். எழுபத்து நான்கில் தோட்டத்தை விட்டு வந்து, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த காளியம்மா, முதல் நாளே இதை என்னிடம் சொல்லிவிட்டாள். கல்யாணமாகாமல் போன பெண்பிள்ளையைக் கன்னி தெய்வமாகக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, சின்னப் பாவாடையும் வளையலும் பொங்கலும் படைப்பாள். கூடவே ஒரு புத்தகம். மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, பாப்பாவிடம் கேட்பதுபோல் தன் இடுப்பருகே தலையைச் சாய்த்துவிட்டுச் சொல்வாள்.

"பூனைக் கதை நல்லாருக்காம்க்கா. அந்த மந்திரவாதிச் சித்திரக்கதைதான் பிடிக்கலியாம். எல்லாத்துக்கும் மந்திரம் போட்டா அப்புறம் என்னா பயம் இருக்குங்குறா."

"தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கேஸு லா இது" என்பார் என் வீட்டுக்காரர் சிக்கந்தர். எங்கள் மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லைதான். ஆனாலும் எனக்குக் குறுகுறுப்பு விடவில்லை. யாரோ படித்துக் காட்டுகிறார்கள், இவள் என்னை ஏய்க்கிறாள் என்று கோபம் வேறு. ஒருநாள் வேண்டுமென்றே கடைசித் தாள் கிழிந்த துப்பறியும் கதை ஒன்றைக் கொடுத்தேன்.

"முடிவ யாரோ கிழிச்சிட்டாங்களாம்க்கா. பரவால்லியாம். கடைசியில சமையக்காரன் அழுவுறது நல்லாருந்துச்சாம்."

பிறகு பினாங்கிலிருந்து அதே கதை முழுசாக வந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். சமையற்காரன் அழுதுகொண்டிருந்தான். யா அல்லா! அன்றிலிருந்து பாப்பா வேண்டாமென்ற புத்தகத்தை நான் மறுபடி வாங்கிப் போட்டதே இல்லை.

எண்பதுக்கு அப்புறம் பாப்பாவின் பேச்சு மாறியது. முயல் கதையும் அணில் கதையும் சலித்துவிட்டதாம். கடையில் புதிதாக வாடகைக்கு வைத்திருந்த பாட்டுக் கேசட் வேண்டுமாம். "இதுல கொட்டுச் சத்தந்தான் ஓடுது, பாடுறவனுக்கு மனசே இல்லியாம்" என்று ஒன்று திரும்பி வந்தது. காதல் பாட்டுக் கேசட் ஒன்று மட்டும் திரும்பவே இல்லை. சரிதான், இருந்திருந்தால் பதினெட்டு ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

ஒருநாள் காளியம்மா ஓடி வந்தாள்.

"சின்னப்புள்ள புக்கா குடுங்கக்கா. அந்தப் பூனைக் கதையே போதும்."

"வேணாங்குறாளே. ஏன்டி திணிக்கிற?"

"பாவாடை பத்தலியாம், சேலை கேக்குறா. வளந்த புள்ள வீட்ட விட்டுப் போயிருவாளேக்கா!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தோளுக்கு மேல வளந்தவளுக்கு எத்தன வருஷம் ஏழு வயசுப் பாவாடையே வைப்ப? பெத்தவளா நீ? கேட்டதக் குடுடி!"

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெறுங்கையோடு போனாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கு அந்த வாரம் முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை காதல் பாட்டுக் கேசட்டோடு வந்தாள்.

"மஞ்ச சேலை வெச்சேன்க்கா. எப்பவும் 'வாரேன்மா'ம்பா. நேத்து 'போறேன்மா'ன்னுட்டா."

நம் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பூனைக் கதையை எடுத்து உட்கார்ந்து அவளுக்கே வாசித்துக் காட்டினேன். முடியும்வரை அசையாமல் கேட்டாள்.

"எப்படிடி இருக்கு?"

பழக்கதோஷத்தில் தன் இடுப்பருகே தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, வளர்ந்தவள் நிற்கும் உயரத்தில், தோளுக்கு மேலே பார்த்தாள்.

"தெரியலக்கா" என்றாள்.