நாத்தனாரின் ‘வீ’

என் நாத்தனார் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். நானும் அங்கேதான். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. விரிப்பு கருகிவிட்டால், யார் கருக்கியது என்று சூப்பர்வைசர் கேட்பார். எல்லாரும் சேர்ந்து “நாங்க” என்போம். ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பலாம், கூடத்தையே அனுப்ப முடியுமா? இது நாத்தனார் செய்த ஏற்பாடு; அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

நாங்கள் இருவரும் போகிற மாலை ஆங்கில வகுப்புக்கும் அதையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வகுப்பில் பத்துப் பேர், எங்கள் இருவரைத் தவிர ஆளுக்கொரு பாஷை. மழை பிடிக்குமா என்று டீச்சர் பேச்சை ஆரம்பித்தால் பேக்கரிக்காரர் “ஐ லைக்” என்பார். அக்கா மட்டும் “வீ லைக்” என்பார். யார் அந்த ‘வீ’ என்று கேட்டால், கையை அகல விரித்து வகுப்பையே காட்டுவார். எனக்கு மழை பிடிக்காது. என்னையும் சேர்த்துத்தான் காட்டுவார். பற்றிக்கொண்டு வரும்.

“ஏன்க்கா, எனக்கென்ன வாய் இல்லையா?”

“நான் சொன்னா நீ என்ன குறைஞ்சா போயிட்ட?”

வகுப்பு முடிவில் தருகிற சான்றிதழ் அவருக்குக் கட்டாயம் வேண்டும். கிடைத்தால் துணிக்கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. முட்டி தேய்ந்துவிட்டது, நிற்கவே கூடாது என்கிறார் டாக்டர். இஸ்திரிப் பிரிவில் உட்காரத் தடை. தன் கருத்தைத் தானே சொன்னால்தான் பாஸ் என்று டீச்சர் கெஞ்சாத நாளில்லை. நானும் வீட்டில் பழக்கிப் பார்த்தேன். “ஐ வான்ட் டீ” என்றால்தான் டீ. “வீ வான்ட் டீ” என்பார். எனக்கும் சேர்த்துப் போடுவேன், வேறென்ன செய்ய.

ஒருநாள் வகுப்பை நடத்துகிற அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இனி ஒன்பது இடம்தான், ஒருவர் விலக வேண்டும் என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தோம். அப்படியானால் குறைவாகப் பேசுகிறவர் போகட்டும் என்றார். வெட்கம் கெட்டுப்போய் அத்தனை பேரும் தையல்காரப் பெரியவரைப் பார்த்தோம். அவர் வாய் திறந்து பேசி வகுப்பில் யாரும் கேட்டதில்லை. பெரியவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஐ,” என்றார் அக்கா. “ஐ கோ.”

டீச்சர் வாய்ப்பழக்கத்தில் “வெரி குட்!” என்றுவிட்டார். பிறகுதான் உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வழியெல்லாம் திட்டினேன். “இந்த முட்டிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? புத்தி கித்தி இருக்கா?”

“மெதுவா நடடி, என்னால முடியல,” என்றார். மெதுவாக நடந்தேன். எனக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் காலை சாப்பாட்டு அறையிலிருந்து உயரமான ஸ்டூல் ஒன்றைத் தூக்கிவந்து அக்காவின் மேசைக்குப் பின்னால் போட்டேன். அக்கா உட்கார்ந்தார். சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, “யாரு கொண்டுவந்தது இத?” என்றார்.

“நாங்க,” என்றோம்.